முப்பது பேரும் ஒரு நாவும்

ரக்பி யூனியன் ஆட்டத்தில் பக்கத்துக்கு 15 பேர். மழை பெய்து ஊறிய மைதானத்தில் அரை மணி நேரம் ஆடுவதற்குள் 30 பேருடைய சட்டையும் ஒரே சேற்று நிறமாகிவிடும். முதுகில் உள்ள எண் தெரியாது. பந்து பத்துப் பேருக்கு அடியில் எங்கோ கிடக்கும். திடீரென்று ஒருவர் அதை அள்ளிக்கொண்டு ஓடுவார். அவர் மூன்றாவது எட்டு வைப்பதற்குள் அவருடைய பெயர் வானொலியில் கேட்டாக வேண்டும். யாரை ஏமாற்றிப் போனார், யார் கையில் கொடுத்தார், கோடு இன்னும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் தங்குதடையில்லாமல் தொடர வேண்டும். 80 நிமிடமும் இதே கதிதான்.

இந்த வேலையை பிபிசிக்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு செய்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பில் மக்லாரன். ரக்பியை நேசிக்கும் நாடுகளில் ‘ரக்பியின் குரல்’ என்றால் அது அவர்தான். ஆனால் அவர் விரும்பியது ஒலிவாங்கியை அல்ல. ஆட்டக்காரராகத்தான் அவர் தொடங்கினார். நாட்டின் சட்டையை அணியும் வாசல்வரை வந்துவிட்டார். அங்கே அவரை மறித்தது காசநோய்.

அவரது வாழ்க்கையில் அறிவியலின் கண்ணில் படும் அதிசயங்கள் இரண்டு. நுரையீரலைத் தின்னும் நோயிலிருந்து அவர் எப்படி மீண்டார் என்பது ஒன்று. மனித மூளையால் அத்தனை பெயர்களை அத்தனை வேகத்தில் எப்படிச் சொல்ல முடிந்தது என்பது இன்னொன்று. நெருங்கிப் பார்த்தால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒன்றே: யாரும் பார்க்காத நேரத்தில் செய்த பொறுமையான உழைப்பு.

வாசல்வரை வந்த ஆட்டக்காரர்

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் ஹாயிக் என்றொரு சிறு நகரம். பின்னலாடை ஆலைகளுக்கும் ரக்பிக்கும் பேர்போன ஊர். 1923 அக்டோபர் 16 அன்று மக்லாரன் அங்கே பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே, நடக்காத ரக்பி ஆட்டங்களைக் கற்பனை செய்து கணக்குப் புத்தகத்தில் எழுதிவைப்பாராம். அந்த ஆட்டங்களில் ஸ்காட்லாந்து உலகத்தையே ஜெயிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து இத்தாலியில் போரிட்டார். மோன்டே கசினோ யுத்தத்தையும் கண்டார். திரும்பி வந்தபின் ஹாயிக் அணியின் முன்கள ஆட்டக்காரராக, ‘ஃபிளாங்கர்’ என்ற இடத்தில் ஆடினார். எதிரணியில் பந்தை ஏந்தியவரை முதலில் போய் மடக்குவது அந்த இடத்தின் வேலை. ஓட்டமும் மூச்சும் மிகுதியாக வேண்டும். 1947இல் ஸ்காட்லாந்து அணித் தேர்வு ஆட்டத்தில் ஆடினார். அடுத்து நாட்டுக்காக ஆட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் நோய் தெரிந்தது.

அன்றைக்குக் காசநோய் என்றால் அது ஏறத்தாழ மரணச் செய்தி. அதை உண்டாக்கும் பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகும். மற்ற பல கிருமிகள் அரைமணிக்கொரு முறை இரண்டாகும்போது, இது ஒருமுறை இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதைச் சுற்றி மெழுகு போன்ற கொழுப்புச் சுவர் உண்டு. கிருமிகளை விழுங்கிக் கொல்ல வரும் வெள்ளணுக்களுக்குள்ளேயே அது குடியிருக்கவும் வல்லது. நாளடைவில் நுரையீரல் திசு செத்து, பாலாடைக்கட்டி போலக் குழைந்து, குழியாகிவிடும். சுத்தமான காற்று, சத்தான உணவு, மாதக்கணக்கில் படுக்கை ஆகியவைதான் முக்கியச் சிகிச்சை. மக்லாரன் எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள ஈஸ்ட் ஃபார்ச்சூன் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே ஒன்றரை ஆண்டுக்கும் மேல் இருந்தார்.

மண்ணில் கிடைத்த மருந்து

அவரைக் காப்பாற்றிய மருந்து மண்ணிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாக வளர்த்துச் சோதித்துக்கொண்டிருந்தது. மண் என்பது கோடானுகோடி நுண்ணுயிர்கள் இடத்துக்கும் இரைக்கும் போட்டி போடும் களம். ஒன்று மற்றொன்றைக் கொல்ல வேதிப்பொருளைச் சுரக்கும். அப்படி ஒரு பொருளைத் தேடி, நூற்றுக்கணக்கான தட்டுகளில் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். 1943 அக்டோபரில் அவர் பிரித்தெடுத்த ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ்’ என்ற நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்தது. பெனிசிலினுக்கு மசியாத காசநோய்க் கிருமி இதற்கு மசிந்தது. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. ஷாட்ஸ் நீதிமன்றம் போய்த்தான் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற பெயரைப் பெற வேண்டியிருந்தது.

மருந்து வேலை செய்யும் விதம் அழகானது. உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். மரபுக் கட்டளையை வரிசையாகப் படித்து, அதன்படி அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது அதன் பணி. ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. கட்டளை தப்பாகப் படிக்கப்படுகிறது. தவறான புரதங்கள் குவிந்து கிருமி மடிகிறது. நம் உயிரணுக்களின் ரைபோசோம் வேறு அமைப்பு கொண்டது என்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. ஆனாலும் இந்த மருந்துக்கு ஒரு விலை உண்டு. உட்செவியின் மென்மையான உணர்வணுக்களை அது பாதிக்கக்கூடும். சிலருக்குத் தலைசுற்றல் வரும், சிலருக்குக் கேட்கும் திறன் குறையும்.

மருந்து உண்மையிலேயே பயன்படுகிறதா என்று அறிய, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனை மருத்துவ வரலாற்றையே மாற்றியது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபர்டு ஹில், யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடவில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்து, மூடிய உறைகளில் வைத்தார். மொத்தம் 107 நோயாளிகள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். 1948 அக்டோபரில் இந்த முடிவு வெளியானது. இன்று புது மருந்துகள் பொதுவாகக் கடந்து வர வேண்டிய சோதனைக்கு இதுவே முன்மாதிரி.

ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இடைவெளி சுருங்கிப்போயிருந்தது. மருந்து பெற்றவர்களிலும் பாதிக்கு மேல் இறந்திருந்தனர். ஒரு நுரையீரல் குழிக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் சில, தற்செயலான மரபு மாற்றத்தால் மருந்துக்கு மசியாதவையாக இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்ல, அந்தச் சில பல்கிப் பெருகும். ஒரே மருந்து போதாது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அங்கேதான் கிடைத்தது. காசநோய் மாத்திரையை இருமல் நின்றதும் நிறுத்திவிடக் கூடாது என்று இன்று நம் ஊர் சுகாதார நிலையத்தில் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

அந்தத் தொடக்க காலத்தில்தான் மக்லாரனுக்கு இந்த மருந்து கொடுக்கப்பட்டது. சோதனையாக மருந்து பெற்ற ஐந்து பேரில் பிழைத்த இருவரில் அவர் ஒருவர் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

பிரிட்டனின் அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கை சென்னையையும் தொட்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றோடு அதுவும் சேர்ந்து நின்றது. நோயாளிகள் மீண்டும் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே மருந்து எடுத்துக்கொண்டனர். நெரிசலான குடியிருப்புகளில், அரைகுறை உணவோடு வாழ்ந்தவர்களும் சானடோரிய நோயாளிகளுக்கு இணையாகக் குணமானார்கள். 1959இல் வந்த அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. மக்லாரன் படுத்திருந்த மாதிரியான நீண்ட படுக்கை, அவருக்குப் பின் வந்த கோடிக்கணக்கானோருக்குத் தேவைப்படாமல் போனதில் சென்னை ஏழைகளின் பங்கு பெரிது.

மூச்சுதான் பேச்சு

சானடோரியத்தில் உடம்பு தேறிவந்த நாட்களில் மக்லாரன் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். நோயாளிகள் டேபிள் டென்னிஸ் ஆடுவதை மருத்துவமனை வானொலியில் வர்ணித்தார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் அதைக் கேட்டார்கள். அவருடைய வர்ணனை வாழ்க்கையின் முதல் அரங்கம் அதுதான்.

பேச்சு என்பது வெளியேறும் மூச்சு. நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்வளையின் இரு மடிப்புகளை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிரவைக்க, அதுவே குரலாகிறது. சும்மா இருக்கும்போது உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பேசும்போது சட்டென்று இழுத்து, நிதானமாகச் செலவழிக்கிறோம். நுரையீரல் நோயால் ஆட்டத்தை இழந்த ஒருவர் அந்த நுரையீரலைக் கொண்டே தன் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டார் என்பது எண்ணும்தோறும் நெஞ்சை நிறைக்கிறது.

குணமானபின் உடற்கல்வி ஆசிரியரானார். உள்ளூர்ப் பத்திரிகையில் ரக்பி பற்றி எழுதினார். அவருக்கே தெரியாமல் பத்திரிகை ஆசிரியர் அவர் பெயரை பிபிசிக்குப் பரிந்துரைத்தார். 1953இல் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் நடந்த ஆட்டத்தை வானொலியில் வர்ணித்தார். பிறகு தொலைக்காட்சிக்கு வந்தார். நாடறிந்த குரலான பின்னும் ஹாயிக் பள்ளிகளில் பாடம் எடுப்பதை 1987 வரை விடவில்லை. அவரிடம் பள்ளியில் பயின்ற ஜிம் ரென்விக், காலின் டீன்ஸ், டோனி ஸ்டேஞ்சர் ஆகியோர் ஸ்காட்லாந்துக்காக ஆடினார்கள்.

பெயர் என்னும் கடினமான காரியம்

எதிரே ஒரு படத்தைக் காட்டி, அது என்னவென்று கேட்டால், பார்த்ததிலிருந்து வாய் திறக்கும்வரை ஏறக்குறைய 600 மில்லிநொடி ஆகும். அதிலும் ஆளின் பெயரைச் சொல்வது மிகக் கடினம். ஒருவரைப் பார்த்ததும் ‘இவர் மருத்துவர், மதுரைக்காரர்’ என்பது வந்துவிடும், பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுவிடும். ஆங்கிலத்தில் ‘பேக்கர்’ என்பது ரொட்டி சுடுபவரையும் குறிக்கும், குடும்பப் பெயராகவும் வரும். ஒரே முகத்தைக் காட்டி, சிலரிடம் அது அவர் தொழில் என்றும் சிலரிடம் அது அவர் பெயர் என்றும் சொல்லி ஆய்வாளர்கள் சோதித்தனர். தொழிலாகக் கேட்டவர்கள் எளிதாக நினைவில் வைத்தனர், பெயராகக் கேட்டவர்கள் தடுமாறினர். தொழில் என்றால் மாவு, அடுப்பு, மணம் என்று பல நினைவுகள் அதைத் தாங்கிப் பிடிக்கும். பெயருக்கு அப்படிப் பிடிமானம் கிடையாது.

மக்லாரன் செய்தது, அந்தப் பிடிமானத்தைப் பெயருக்கு உண்டாக்கித் தந்ததுதான். போட்டிக்கு முன் அணிகள் பயிற்சி எடுக்கும் இடத்துக்கே போய் நிற்பார். சட்டைப்பையில் ஹாயிக் ஊரின் புதினா மிட்டாய் இருக்கும். ஆட்டக்காரர்களுக்கு அதைக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். அவர்கள் எப்படி நடக்கிறார்கள், எப்படித் தோளை வைக்கிறார்கள் என்று கவனிப்பார். இதன் பலனை அறிவியல் பின்னாளில் அளந்து காட்டியது. 1977இல் இரு உளவியலாளர்கள், நண்பர்களின் மூட்டுகளில் ஒளியை எதிரொளிக்கும் பட்டைகளைக் கட்டி, நடக்கவிட்டுப் படமெடுத்தனர். திரையில் நகரும் புள்ளிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. முகமோ உடையோ தெரியாது. அப்படியிருந்தும் இது இன்னார் நடை என்று நண்பர்களால் ஓரளவு சொல்ல முடிந்தது. சேறு சட்டையின் எண்ணை மறைக்கும். நடையை மறைக்காது.

அடுத்தது மனப்பாடம். ஆட்டக்காரர் எண்களைச் சீட்டுகளாக்கி, கலைத்துப் போட்டு, எடுக்கும் சீட்டுக்குரிய பெயரைச் சொல்லிப் பழகுவார். பெயரை ஒருமுறை தேடி எடுத்த பாதையில் மறுமுறை போவது எளிது. வரிசையாக ஒப்பிக்காமல் கலைத்துப்போட்டு எடுப்பதும் முக்கியம், ஏனென்றால் களத்தில் யாரும் வரிசையாக வருவதில்லை.

பிறகு அவருடைய புகழ்பெற்ற தாள். இரண்டு பக்கம் சேர்ந்த அகலத்தில், இரு அணியினரின் பெயர், வயது, உயரம், எடை, நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள், பழைய மோதல்களின் விவரம் என எல்லாவற்றையும் பொடி எழுத்தில், பல நிற மையில், தன் கையாலேயே எழுதுவார். தாளில் வெள்ளை இடம் மிச்சமிருக்காது. அதில் பெரும்பகுதி ஒலிபரப்பில் வராமலே போகும். அதனால் அது வீண் என்று ஆகாது. எழுதும்போதே ஒவ்வொரு பெயரையும் சுற்றி ஊர், உடல், கதை என்று பல நினைவுகள் பின்னிக்கொள்கின்றன. ஓடுபவரின் நடை கண்ணில் பட்டதும் அவற்றில் ஏதாவதொன்று பெயரை இழுத்துக்கொண்டு வரும்.

ஆட்டக்காரராக இருந்த அனுபவமும் கைகொடுத்தது. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் செய்த சதுரங்க ஆய்வு நன்கு அறியப்பட்டது. நடு ஆட்டத்தில் இருக்கும் பலகையை ஐந்து நொடி மட்டும் பார்த்த வல்லுநர், காய்களைப் பெரும்பாலும் சரியான இடத்தில் மீண்டும் வைத்துக் காட்டினார். காய்களைக் கண்டபடி வைத்துக் காட்டியபோது, அவரும் புதியவர் மாதிரியே திணறினார். வல்லுநர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை, அர்த்தமுள்ள கூட்டங்களாகப் பார்க்கிறார். ரக்பியிலும் அப்படித்தான். இரு அணியினரும் தோள்கோத்துத் தள்ளும் ‘ஸ்க்ரம்’மிலிருந்து பந்து வெளிவந்தால் பெரும்பாலும் அது 9ஆம் எண்ணின் கையில், அங்கிருந்து 10ஆம் எண்ணிடம் போகும். களத்தில் ஆடியவரின் கண் அடுத்த நிகழ்ச்சியை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு, பெயரைத் தேட ஆகும் அரை நொடியை மிச்சப்படுத்துகிறது.

பழகிய தொடர்கள்

நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் கோன்ராட் கைப்பர், ஏலம் விடுபவர்களின் பேச்சையும் விளையாட்டு வர்ணனையாளர்களின் பேச்சையும் ஆராய்ந்தார். வேகம் கூடக்கூட அவர்கள் வாக்கியத்தைப் புதிதாகக் கட்டுவதில்லை, தயாராக இருக்கும் தொடரை எடுத்து, அதிலுள்ள காலி இடத்தில் பெயரை மட்டும் பொருத்துகிறார்கள் என்று காட்டினார். இது வாய்மொழிப் புலவர்களின் உத்தி. பல ஆயிரம் அடிகளைப் பாடிய பால்கன் பாடகர்களிடம் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் கண்டது இதைத்தான். அந்தக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி, நம் பாணர் மரபிலும் இத்தகைய வாய்பாட்டுத் தொடர்கள் உண்டு என்று 1968இல் வந்த தம் நூலில் ஆராய்ந்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி.

மக்லாரனிடம் இதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது. யாராவது வெற்றிப் புள்ளி எடுத்தால், அவருடைய சொந்த ஊர்த் தெருக்களில் இன்றிரவு ஆட்டம்பாட்டம்தான் என்பார். ஊர் பெயர் மட்டும் மாறும். அந்த ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்ல, தாளில் எழுதிய உழைப்பு வேண்டும். பழகிய தொடர் நாவை ஓட்டிக்கொண்டிருக்க, மனம் அடுத்ததைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அப்படி மிச்சமான நேரத்தில்தான் அவருடைய புது உவமைகள் பிறந்தன. நெட்டையான ஆட்டக்காரர் டாடி வியர் பந்தோடு பாய்ந்தபோது, வெறிபிடித்த ஒட்டகச்சிவிங்கி என்றார். நழுவி நழுவி ஓடுபவரைத் தம் மலையோர ஓடைகளில் துள்ளும் குட்டி மீனாகக் கண்டார்.

அவர் சொல் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை தனி. 1976இல் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து வென்ற ஆட்டத்தில் இரண்டு ‘டிரை’ (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி எடுக்கும் புள்ளி) எடுத்தவர் ஆலன் லாசன், மக்லாரனின் மருமகன். வர்ணனையில் அந்த உறவின் சாயல்கூடத் தெரியவில்லை. எல்லோரையும் போல அவரும் ‘லாசன்’தான்.

2002 ஏப்ரலில் கார்டிஃப் நகரில் வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்ததே அவர் வர்ணித்த கடைசிப் பன்னாட்டு ஆட்டம். வேல்ஸ் ரசிகர்கள் அரங்கம் அதிரப் பாடி அவரை வாழ்த்தினார்கள். 2010 ஜனவரி 19 அன்று, பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

கிரிக்கெட்டும் கபடியும் இன்று தமிழில் வர்ணிக்கப்படுகின்றன. ஒலிவாங்கி முன் உட்கார ஆசைப்படும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தங்குதடையற்ற பேச்சைப் பிறவி வரம் என்று நம்பி ஏமாற வேண்டாம். ஒரு தாளை எடுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாளே ஆட்டக்காரர்களின் பெயர், ஊர், நடை எல்லாவற்றையும் உங்கள் கையால் எழுதுங்கள். எழுதியதில் முக்கால்வாசி பயன்படாமல் போனாலும் எழுதுங்கள். நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பன்னாட்டு ரக்பி புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் பில் மக்லாரன். 2001இல் அந்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது அப்படி எழுதிய தாள்கள்தான்.